பண்டிகைச் சீசனில் கப்பலேறும் முன்: என் முதல் ஒப்பந்தத்தின் வரவு செலவு

ஊர் திரும்பியதிலிருந்து, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு உல்லாசக் கப்பல் வேலைக்கு முயலும் தம்பி தங்கைகள் பலர் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கங்களிலிருந்து என்னுடன் தொலைபேசியில் பேசுகிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு, எந்தச் செலவு உங்களுடையது, எந்தச் செலவு கப்பல் நிறுவனத்துடையது, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே கரீபியன் கடலில் ஓடும் ஒரு கப்பலில் உடம்பும் மனமும் என்ன பாடு படும் என்பதையெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. நான் கிளம்பியபோது இவற்றைச் சொல்ல எனக்கும் ஆள் இல்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில், பணக் கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

டவுன்ஹால் சாலையில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் நான் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருந்தேன். மதுரையிலேயே அலுவலகம் வைத்திருந்த ஓர் ஏஜென்ட், மூன்று லட்ச ரூபாய் கொடுத்தால் அமெரிக்கக் கப்பலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போனது; மீதியைத் தாய்மாமா நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். முன்பணமாக 1,75,000 ரூபாய் கட்டினோம். கப்பல் படம் போட்ட ஒரு கடிதம் கைக்கு வந்தது. அதன் பிறகு ‘அடுத்த பேட்ச்’ என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு தூத்துக்குடி மாலுமிதான், அந்தக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இதுல லைசென்ஸ் நம்பரே இல்லையே’ என்றார். எனக்குக் கால் நடுங்கியது. மாமாவும் நானும் பலமுறை அலைந்து 60,000 ரூபாயைத் திரும்ப வாங்கினோம். மீதி 1,15,000 ரூபாய் இன்று வரை வரவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியது இதுதான். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் எந்த நிறுவனமும் மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்திடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் பெற்றிருக்க வேண்டும்; உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல், எண்ணையும் முகவரியையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமானது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் ஒரு பைசா கூடக் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, சி.டி.சி. எனப்படும் கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகிய மூன்றின் செலவைத்தான் தொழிலாளி ஏற்கலாம். விசாக் கட்டணம் கப்பல் உரிமையாளருடையது என்று அந்த உடன்படிக்கையில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நான் கட்டியது முழுவதும் சட்டப்படி கட்டவே தேவையில்லாத பணம் என்று தெரிந்த அன்று, பணம் போன வருத்தத்தைவிட, இது இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதே என்ற ஆத்திரம்தான் எனக்கு அதிகமாக வந்தது.

பிறகு உரிமம் உள்ள ஒரு சென்னை நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் கட்டணம் எதுவும் இல்லாமல் தேர்வானேன். அதற்குள் இன்னொரு செலவு காத்திருந்தது. தீயணைப்பு, கடலில் உயிர்காப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்புகளும், கப்பல் பாதுகாவல் ஆகிய அடிப்படைப் பயிற்சிகளின் சான்றிதழ் தேவைப்பட்டது. மதுரை ஏஜென்ட் ஒரு மாடி அறையில் உட்காரவைத்து நடத்திய வகுப்பின் சான்றிதழ் செல்லாது. கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில்தான் படிக்க வேண்டும். சென்னையில் தங்குவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 22,000 ரூபாய் மறுபடியும் செலவானது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கிண்டி கிங் ஆய்வு நிலையத்துக்கு முன்பதிவு செய்யாமல் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அந்தச் சான்றிதழ் செல்லத் தொடங்கும். அதன் பிறகு ஆயுள் முழுதும் செல்லும். எனவே விமானத் தேதி உறுதியாகும் வரை காத்திருக்காமல் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எடுக்க வேண்டிய, கப்பல் பணியாளர்களுக்கான சி1/டி விசாவுக்கு 185 டாலரை நானே கட்டினேன். ரசீதையும் உடன்படிக்கையின் அந்த வரியையும் சேர்த்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதும், முதல் மாதச் சம்பளத்தோடு பணம் வந்துவிட்டது. என்னோடு விசா எடுத்த மற்றவர்கள் கேட்கவில்லை, அவர்களுக்கு வரவுமில்லை.

நவம்பர் இறுதியில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் கப்பலில் சேர்ந்தேன். அம்மா இடித்துக் கொடுத்த கறிவேப்பிலைப் பொடி விமான நிலையச் சோதனையிலேயே குப்பைக்குப் போனது. கறிவேப்பிலையைப் பச்சையாகவோ காய்ந்ததாகவோ அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத பருப்புப் பொடிக்கு ஒரு தடையும் வரவில்லை. கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு முன் பாஸ்போர்ட், விசா, சி.டி.சி., ஒப்பந்தம் ஆகிய எல்லாவற்றின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். ஒப்பந்தத்தோடு சேர்த்து, கப்பலுக்குள் புகார் செய்யும் முறையின் நகலும் தர வேண்டும் என்பது விதி. எனக்கு முதலில் தரவில்லை; கேட்ட பிறகு எடுத்துக் கொடுத்தார்கள்.

தொழிலாளர் வாழும் தளங்கள் பயணிகளின் தளங்களுக்குக் கீழே இருக்கின்றன. கப்பலின் முனையிலிருந்து மறுமுனை வரை நீளும் ஒரு நடைபாதைக்கு, அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயரை வைத்து, ‘ஐ-95’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். துணி மூட்டை வண்டிகளும் உணவுத் தட்டுகளும் நாற்பது ஐம்பது நாட்டு மனிதர்களும் இரவும் பகலும் அதில் போய்க்கொண்டே இருப்பார்கள். என் அறையில் ஜன்னல் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. அந்தத் திரைக்குள் இருக்கும் இடம் மட்டுமே உங்களுக்குத் தனிமை. அறைத்தோழர் பாலித் தீவைச் சேர்ந்தவர், பல ஒப்பந்தங்கள் முடித்தவர். மேல்படுக்கையில் இருந்த நான், விழித்ததும் பகலா இரவா என்று தெரியாமல் முதல் வாரம் முழுவதும் தவித்தேன். இரவு 10.30க்கு வேலை முடியும்போது மதுரையில் மறுநாள் காலை 9 மணி. அப்பா வயலுக்குப் போயிருப்பார். அம்மா மட்டும் இரண்டு நிமிடம் பேசுவார். இணையத்துக்குத் தொழிலாளர்களிடமும் தனியே காசு வாங்குகிறார்கள் என்பதால், முதல் மாதத்திலேயே அது கையைக் கடித்தது. எந்த நேரத்தில் பேசலாம், எதற்குச் செய்தி மட்டும் போதும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வேலையைப் பொறுத்தவரை, விடுதியில் பழகிய கைக்குப் படுக்கை விரிப்பதோ குளியலறை கழுவுவதோ புதிதல்ல. பண்டிகை வாரத்தின் அளவுதான் புதிது. என் பொறுப்பில் 18 கேபின்கள். சாதாரண வாரத்தில் ஒரு கேபினுக்கு இருவர் என்று 36 பேர் தங்கும் அந்தக் கேபின்களில், கிறிஸ்துமஸ் பயணத்தில் 58 பேர் தங்கினார்கள். குழந்தைகளுக்காகக் கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மடக்குப் படுக்கைகளை இரவில் இறக்கி, ஏணி மாட்டி, காலையில் மறுபடி மடக்க வேண்டும். ஒவ்வொன்றும் கனமானது, பூட்டுக்குச் சாவியைத் திருப்பும்போது கட்டைவிரல் இடுக்கில் மாட்டினால் நகம் கறுத்துவிடும். எனக்கு இரண்டு கட்டைவிரலும் கறுத்தன. கையுறை கேளுங்கள், கொடுப்பார்கள். பழைய பயணிகள் காலை 9 மணிக்குள் இறங்கி, புதியவர்கள் நண்பகலில் ஏறத் தொடங்கும் நாளில் அந்தத் தளம், தீபாவளிக்கு முந்தைய இரவில் மாட்டுத்தாவணி இருக்கும் நிலைக்கு வந்துவிடும். இடையில் உள்ள மூன்று மணி நேரத்தில் 18 கேபின்களின் துணியையும் உருவி, கழுவி, விரித்து முடிக்க வேண்டும்.

இதில் நான் சற்றும் எதிர்பாராத வேலை, ஜிகினா. கப்பலின் கதவுகளும் சுவர்களும் உலோகத்தால் ஆனவை. ஆகவே பயணிகள் வீட்டிலிருந்தே காந்தம் கொண்டுவந்து, கதவு முழுக்க நட்சத்திரமும் பனிமனிதனும் ஒட்டுவார்கள். அவற்றிலிருந்து உதிரும் ஜிகினாத் தூள் தரைவிரிப்பில் ஏறிவிட்டால், வாக்குவம் கிளீனர் அதை இழுப்பதில்லை, இன்னும் உள்ளே அழுத்துகிறது. அகலமான ஒட்டும் டேப்பை உள்ளங்கையில் பசைப்பக்கம் வெளியே தெரியச் சுற்றிக்கொண்டு, மண்டியிட்டு ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் ஒரே வழி என்று அறைத்தோழர் காட்டிக் கொடுத்தார். உங்கள் பெட்டியில் அப்படி ஒரு டேப் உருளை இருக்கட்டும். வண்ண விளக்குச் சரங்களைக் கேபினுக்குள் மாட்ட எங்கள் கப்பலில் அனுமதி இல்லை, தீ அபாயம்தான் காரணம். ஒரு கேபினில் அதைக் கண்டு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அந்தக் குடும்பம் பயணம் முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை, டிப்ஸும் தரவில்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நடுக்கடலில் தீயை அணைக்கப் போவது நாம்தான் என்பதைப் பயிற்சியில் புகை அறைக்குள் தவழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்த வாரங்களில் என்னை மிகவும் வாட்டியது தூக்கமின்மை. உடன்படிக்கையின்படி, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும். அதை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு பகுதி தொடர்ச்சியாக 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். 7 நாட்களில் மொத்தம் 77 மணி நேரம். எங்கள் வேலை காலை 7 முதல் 1.30 வரையிலும், மாலை 5 முதல் 10.30 வரையிலும் என்று காகிதத்தில் இருந்தது. அதன்படி நடந்தால் சட்டத்துக்குள்தான் வரும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் நடு மதியத்தில் வைக்கப்படும். அபாயச் சங்கு ஒத்திகையும் அதே நேரத்தில்தான் வரும். பயணிகளுக்கு ஆபத்து நேரத்தில் வழிகாட்டுவதும், கேபின்களில் ஆள் தங்கிவிடவில்லை என்று சோதிப்பதும் எங்கள் பொறுப்பு என்பதால், அவற்றைத் தவிர்க்க முடியாது. அந்த நேரமெல்லாம் வேலை நேரமாகவே எழுதப்பட வேண்டும். ஆனால் மேற்பார்வையாளர் கணினியில் பதிந்து வைத்திருந்த என் நேரப் பதிவில் அவை ஓய்வாக இருந்தன. பார்த்து ஒப்புதல் கொடு என்றார். வந்த புதிதில் முறைத்துக்கொண்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் தொண்டையை அடைத்தது.

சமையற்கூடத்தில் இருந்த நாகர்கோவில் அண்ணன் ஒருவர், ‘சண்டை போடாதே, எழுதி வை’ என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு வைத்து, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வகுப்பு நேரம் ஆகியவற்றை எழுதினேன். அடுத்த முறை ஒப்புதல் கேட்டபோது நோட்டைக் காட்டி, இந்த மூன்று நாட்களை மட்டும் திருத்திவிடுங்கள் என்று பணிவாகக் கேட்டேன். முகம் சுளித்தார், ஆனால் திருத்தினார். அதற்கடுத்த வாரம் மாலை வேலை ஒரு மணி நேரம் தள்ளியே தொடங்கியது, ஏனென்றால் பதிவில் ஓய்வு குறைவாகத் தெரிந்தால் கேள்வி கேட்கப்படுவது அவரைத்தான். வேலை நேர அட்டவணை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும், உங்கள் ஓய்வுப் பதிவின் நகலைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதும் விதியில் இருக்கின்றன. குரல் உயர்த்தாமல் நகல் கேட்பதே பாதி வேலையை முடித்துவிடும் என்பது என் அனுபவம்.

கிறிஸ்துமஸ் அன்று நல்லதும் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு தொழிலாளர் உணவுக்கூடத்தில் கேப்டனும் அதிகாரிகளும் வெள்ளைச் சீருடையில் கரண்டி பிடித்து எங்களுக்குப் பரிமாறினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் கண்ணீரோடு பாடினார்கள். எங்கள் தெருவில் அந்த நேரம் மார்கழிக் கோலம் போட்டு முடித்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. என் கேபின் ஒன்றில் டொராண்டோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருந்தது. பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி, ‘தம்பி, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?’ என்று கேட்டார். கேபினுக்குள் உட்காரவோ சாப்பிடவோ எங்களுக்கு அனுமதியில்லை. வாசலில் நின்றே பேசினேன். இறங்கும் நாளில் அவர்கள் கொடுத்த உறையைவிட, கருத்துப் படிவத்தில் என் பெயரை எழுதியது அதிகம் பயன்பட்டது. பெயர் குறிப்பிட்ட பாராட்டுகள் கோப்பில் சேர்ந்து, உதவியாளர் நிலையிலிருந்து மேலே போகும்போது கணக்கில் எடுக்கப்படுகின்றன. தமிழ்ப் பயணிகள் உங்கள் பகுதியில் இருந்தால், கூச்சப்படாமல் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பயணத்தின் கடைசியில் ஒரு கேபினில் சிறுவன் ஒருவன் தரைவிரிப்பில் வாந்தி எடுத்தான். அங்கி, கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டு, சிவப்புப் பையில் துணியைக் கட்டி, குளோரின் கரைசலால் துடைத்தேன். ஆனாலும் புத்தாண்டுப் பயணம் தொடங்கியதும் எனக்கு அதே வாந்தி பேதி வந்தது. நோரோ வைரஸ் உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். மிகச் சிறிய அளவே போதும். கைப்பிடிகளிலும் மேசைகளிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கப்பல் முழுக்க வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் அதை ஒழுங்காகக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் காப்பு. உணவுக்கூடத்துக்குள் போவதற்கு முன் கழுவினால் போதாது. போனதும் பரிமாறும் கரண்டியைத் தொட்டிருப்போம், ஆகவே தட்டோடு உட்காருவதற்கு முன் மறுபடியும் கழுவ வேண்டும்.

காய்ச்சலும் பேதியும் வந்தால் மறைக்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது, ஏனென்றால் படுத்தால் டிப்ஸ் பங்கு போய்விடும். நாகர்கோவில் அண்ணனோ, மறைத்துப் பிடிபட்ட ஒருவரை அடுத்த துறைமுகத்திலேயே வீட்டுக்கு அனுப்பியதைச் சொன்னார். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டப்படி, உணவைத் தொடும் தொழிலாளி அறிகுறி நின்ற பின்னும் 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது. எங்கள் கப்பலில் எங்களுக்கும் அதே கட்டுப்பாடுதான். அந்தத் திட்டத்தின் ஆய்வாளர்கள் சொல்லாமல் வந்து 100க்கு மதிப்பெண் போடுவார்கள், 86க்குக் கீழே போனால் கப்பல் தோல்வி. ஆகவே மருத்துவப் பிரிவு இதில் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. போய்ச் சொன்னேன். அதற்கென ஒதுக்கிய ஓர் அறையில் தனியே வைத்தார்கள்.

அந்த அறையில்தான் நான் மிகவும் உடைந்துபோனேன். வேளைக்கு வேளை கதவுக்கு வெளியே ஒரு தட்டு வரும், தட்டும் ஓசை கேட்கும், திறக்கும்போது ஆள் இருக்கமாட்டார். வெறும் சோறும் உப்புப் பிஸ்கட்டும், கலக்கிக் குடிக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலமும். வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நான் படுத்துக்கிடக்கிறேன் என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. புத்தாண்டு பிறந்த நேரத்தில் கப்பலின் சங்கு நீளமாக ஊதியதும், மேலே ஆயிரக்கணக்கான கால்கள் குதித்த அதிர்வும் மட்டும் தெரிந்தன. ஜனவரி 1 அன்று கப்பல் பஹாமாஸின் நஸ்ஸாவ் துறைமுகத்தில் நின்றது. டிசம்பர் 26 அன்றும் புத்தாண்டு அன்றும் விடியலுக்கு முன்பே அங்கே பே தெருவில் ஜங்கனூ ஊர்வலம் தொடங்கும். ஆட்டுத்தோல் பறையும் மாட்டு மணியும் காகிதத்தால் செய்த பிரம்மாண்ட உடைகளுமாகக் காலை வரை போகும். அதைப் பார்க்க வேண்டும் என்று டிசம்பர் முழுவதும் ஆசைப்பட்டிருந்தேன். அறைத்தோழர் பிறகு கைப்பேசியில் காட்டினார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ‘ரொம்ப வேலை, அப்பறம் பேசுறேன்மா’ என்று செய்தி மட்டும் அனுப்பினேன்.

பணக் கணக்குக்கு வருகிறேன். கப்பலில் நோயுற்றுப் படுத்திருக்கும் காலத்தில் மருத்துவச் செலவு முழுவதும் உரிமையாளருடையது. சம்பளமும் குறையாமல் தர வேண்டும். எனக்கும் வந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘சம்பளம்’ என்று இருந்த தொகை சிறியது. மாத வருமானத்தில் பெரும்பகுதி டிப்ஸ் பங்கு. அந்தப் பங்கு வேலை செய்த நாட்களுக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்தது. பண்டிகை நாட்களின் பங்கு மற்ற நாட்களைவிட அதிகம் என்பதால் 160 டாலருக்கு மேல் போனது. கையெழுத்திடும் முன், உத்தரவாதமான மாத வருமானம் எவ்வளவு, அதில் டிப்ஸ் சேர்ந்ததா, நோய் நாட்களில் எது நிற்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் விமானச் செலவும் உரிமையாளருடையதுதான். அதற்கென்று முன்பணமாக எதையும் பிடிக்கக் கூடாது. சேரும்போது போகும் சீட்டு யார் செலவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

துறைமுகங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதுகாப்புக்காக ஒரு பங்கு ஆட்கள் எப்போதும் கப்பலில் இருக்க வேண்டும் என்பதால் முறை வைத்து இறங்க முடியாமல் போகும், அதற்கு ஐ.பி.எம். என்று பெயர். கிராண்ட் கேமனில் பெரிய கப்பலுக்குத் துறைமேடை கிடையாது. படகில்தான் கரைக்குப் போக வேண்டும், பயணிகள் போய் முடிந்த பிறகே நமக்கு இடம். செயின்ட் மார்ட்டினின் பிலிப்ஸ்பர்க்கில் சிந்திக்காரர்களின் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன; பேச்சுத்துணைக்குப் போகலாம், வாங்கப் போகாதீர்கள். ஃபோர்ட் லாடர்டேலின் போர்ட் எவர்கிளேட்ஸில் உள்ள சீஃபேரர்ஸ் ஹவுஸ், கடலோடிகளுக்காகவே நடக்கும் இடம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து அப்பாவோடு ஒழுங்காகப் பேச முடிந்தது.

சம்பளம் ஓர் அட்டையில் ஏறும். துறைமுகத்து ஏ.டி.எம்.களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், ஒவ்வொரு முறையும் கட்டணம் போகும்; மாதம் ஒருமுறை மொத்தமாக ஊருக்கு மாற்றிவிடுவதே நல்லது. கிளம்பும் முன் வங்கியில், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ. கணக்கைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஏறுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வருமான வரி. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், அந்த ஆண்டுக்கு நீங்கள் உள்நாட்டில் வசிப்பவர்தான். நவம்பர் வரை மதுரையில் இருந்துவிட்டு ஏறிய எனக்கு, மார்ச் வரை வந்த கப்பல் சம்பளமும் இந்திய வருமானத்தோடு சேர்ந்தது. கப்பல்காரர்களுக்கு வரியே இல்லை என்று கடற்கரையில் நின்று சொல்பவர்களை நம்பாமல், ஓர் ஆடிட்டரிடம் பாஸ்போர்ட் முத்திரைகளைக் காட்டிக் கேளுங்கள். மேலமாசி வீதியில் எனக்குப் பார்த்தவர் வாங்கியது 1,500 ரூபாய்.

ஐந்தாவது மாதச் சம்பளத்தில் மாமாவின் கடன் முடிந்தது, ஆறாவதில் சங்கிலி திரும்பியது. வட்டியும் ஏஜென்டிடம் போனதும் செல்லாத சான்றிதழும் சேர்ந்து, கப்பலில் ஏறும் முன்பே இழந்தது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். முதல் ஒப்பந்தத்தின் மிச்சத்தில் பாதி அது. அடுத்த ஒப்பந்தத்துக்கு ஏப்ரலில் சேர விரும்புவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் சேர்ந்தால், ஒரே நிதியாண்டுக்குள் வெளிநாட்டு நாட்கள் முழுவதும் வந்துவிடும், டிசம்பர் பாதிக்குள் இறங்கி மார்கழிக்கு வீட்டில் இருக்கலாம். கிறிஸ்துமஸ் டிப்ஸை விட்டுவிட்டு எவனாவது இறங்குவானா என்று பாலித் தோழர் செய்தி அனுப்பிச் சிரிக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர் கணக்குக்கு டிசம்பர்தான் சரி.